மணிக்கட்டு நரம்பு ஆபரேஷன் முடிஞ்சு 2 மாசம் ஆச்சு, விரல் இன்னும் மரத்தே இருக்கு, ஃபெயில் ஆயிருச்சா?

மேலூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. தம்பிக்கு 24 வயசு, கண்ணாடி அலுமினியம் ஃபிட்டிங் கடைல வேலை. கண்ணாடி நழுவி வலது மணிக்கட்டுக்கு மூணு விரக்கடை மேல ஆழமா அறுத்துருச்சு. பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரில "விரல் எல்லாம் மடங்குதே, பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு தோலை மட்டும் தைச்சு அனுப்பிட்டாங்க. ஆறு வாரம் ஆகியும் கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் மரத்தே இருக்கவும் மதுரைக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இங்க நரம்பு அறுந்திருக்குன்னு சொல்லி, கால்ல இருந்து நரம்பு எடுத்து வெச்சு ஆபரேஷன் பண்ணிருக்காங்க. இப்ப 2 மாசம் ஆச்சு, விரல்ல உணர்ச்சி துளி கூட இல்ல, நல்லா இருந்த கால் பாதத்து ஓரமும் மரத்துப் போச்சு, வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஆபரேஷன் ஃபெயிலாண்ணே, வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணுமான்னு கேக்குறாங்க.

தங்கச்சி, நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட். மதுரைல 22 வருசமா பெரும்பாலும் கை அடிபட்டவங்களைத்தான் பாக்குறேன், இந்த ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்க கூட மாசக்கணக்குல உக்காந்து பழக்கம், அதுல தெரிஞ்சதைச் சொல்றேன். நீங்க எழுதுனதை மட்டும் வெச்சுப் பாத்தா 2 மாசத்துல உணர்ச்சி வராதது ஃபெயில் இல்ல. 2 மாசத்துல வந்திருந்தாத்தான் நான் ஆச்சரியப்படணும். ஏன்னு கணக்கோட சொல்றேன், ஏன்னா இந்தக் கணக்கை யாராச்சும் ஒரு தடவை உக்கார வெச்சு சொல்லிட்டா வீட்டுல பாதி அழுகை நின்னுரும், யாரும் சொல்றதில்ல, ஓ.பி.ல அவங்களுக்கு நேரமும் இல்ல.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பம். நம்மூர்ல நரம்புன்னு மூணு சாமானுக்குச் சொல்றோம். கையில பச்சையா தெரியுற ரத்தக் குழாயும் நரம்பு, "நரம்பு கிடைக்கல"ன்னு ஊசி போடுறவங்க சொல்றது அதைத்தான். விரலை இழுத்து மடக்குற வெள்ளைக் கயிறு மாதிரி இருக்கே தசைநாண், அதுவும் நரம்பு. மூளைல இருந்து உணர்ச்சியும் உத்தரவும் போற நிஜ நரம்பும் நரம்பு. இந்த மூணும் மணிக்கட்டுல ஒரு இஞ்சு இடத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தான் போகுது. ரத்தக் குழாய் தைச்சா அன்னைக்கே ரத்தம் ஓடும். தசைநாண் தைச்சா மூணு மாசத்துல வேலைக்குப் போற அளவு வரும். நிஜ நரம்புக்கு ஆகுற காலமே வேற. பக்கத்து வீட்டுக்காரர் "என் மச்சானுக்கும் நரம்பு கட் ஆச்சு, ரெண்டே மாசத்துல சரியாயிருச்சு"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லல, அவர் மச்சானுக்கு அறுந்தது பெரும்பாலும் தசைநாணா இருக்கும். உங்க தம்பி டிஸ்சார்ஜ் சம்மரில மீடியன் நரம்புன்னு போட்டிருக்கான்னு பாருங்க, நீங்க சொல்ற மூணு விரலும் அதோட எல்லைதான்.

முதல்ல பாத்த இடத்துல ஏன் கோட்டை விட்டாங்கன்னும் சொல்லிர்றேன், ஏன்னா இது அடிக்கடி நடக்குது, எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது. விரலை மடக்குற தசை எல்லாம் முழங்கைக்குக் கீழ முன்னங்கைல இருக்கு. அந்தத் தசைகளுக்குப் போற நரம்புக் கிளை எல்லாம் மணிக்கட்டு வர்றதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிரும். அதுனால மணிக்கட்டுல மீடியன் நரம்பு முழுசா ரெண்டு துண்டாப் போனாலும் அஞ்சு விரலும் ஜோரா மடங்கும். போறது ரெண்டே ரெண்டுதான், மூணரை விரல் உணர்ச்சியும், கட்டை விரல் அடில மேடு மாதிரி இருக்கே அந்தச் சதையோட பலமும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிஸ்கேன் எதுவும் வேண்டாம். உள்ளங்கையை மேல பாத்து வெச்சு கட்டை விரலை நேரா கூரையைப் பாத்துத் தூக்கச் சொல்லணும், பஞ்சை வெச்சு ஒவ்வொரு விரல் நுனியா தொட்டு தெரியுதான்னு கேக்கணும், ஒரு நிமிசம் ஆகாது. ஆனா மரப்பு ஊசி போடுறதுக்கு முன்னாடி பாக்கணும், போட்ட பிறகு பாத்தா எல்லாமே மரத்துத்தான் இருக்கும், காயத்துனால மரத்துச்சா மருந்துனால மரத்துச்சான்னு யாருக்குத் தெரியும். இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்றேன், மணிக்கட்டுல, முழங்கைல, கழுத்துல, முழங்கால் பின்னாடி கண்ணாடியோ அரிவாளோ கிரைண்டர் பிளேடோ வெட்டிருச்சுன்னா தையல் போடுற முன்னாடி "நரம்பு பாத்தீங்களா சார்"னு வாய் விட்டுக் கேளுங்க, தப்பே இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம். நரம்புங்கறது ஒத்தைக் கம்பி இல்ல. வெளிய ஒரு உறை, உள்ள சின்னச் சின்ன கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் தனி உறை, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல மெல்லிய இழை. ஒவ்வொரு இழையோட உயிரும் தண்டுவடத்துல, இல்ல அதுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு செல்லுல இருக்கு, இழை அங்க இருந்து விரல் நுனி வரைக்கும் நீண்டு வந்திருக்கு. நடுவுல வெட்டினா வெட்டுக்கு இந்தப் பக்கம் விரல் வரைக்கும் உள்ள இழை எல்லாம் செத்துப் போகும். இதை 1850-லயே வாலர்னு ஒருத்தர் தவளை நாக்குக்குப் போற நரம்பை வெட்டிப் பாத்துச் சொல்லிட்டார், இன்னைக்கு வரைக்கும் அவர் பேர்லதான் அந்தச் சிதைவைச் சொல்றாங்க. டாக்டர் எவ்வளவு நல்லா தைச்சாலும் செத்த இழை உயிர் பெறாது. தையல் பண்றது என்னன்னா பாதையைச் சேத்து வைக்கிறது. இழை செத்தாலும் அது போன குழாய் அப்படியே காலியா இருக்கும், மேல இருந்து புது இழை முளைச்சு அந்தக் காலிக் குழாய்க்குள்ள புகுந்து தவழ்ந்து தவழ்ந்து போகணும். அந்தத் தவழல் ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர். மாசத்துக்கு ஒரு இஞ்சுன்னு வெச்சுக்கங்க. அதுவும் தைச்ச மறுநாளே கிளம்பாது, வெட்டுப்பட்ட முனை தேறி, தையலைத் தாண்டவே முதல் மூணு நாலு வாரம் போயிரும்.

நீங்க மேலூர்க்காரங்க, உங்களுக்குப் பெரியாறு கால்வாய் தெரியும். மதகு திறந்த அன்னைக்கே கடைமடைக்குத் தண்ணி வந்திருக்கா? முதல்ல காஞ்ச தரை குடிக்கும், அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து வரும், உங்க பக்கம் வந்து சேர எத்தனை நாள் வாய்க்கால் கரைல நின்னு பாத்திருப்பீங்க. தம்பி விரல் நுனிதான் இங்க கடைமடை.

தம்பிக்கே போட்டுப் பாப்போம். வெட்டு மணிக்கட்டு ரேகைக்கு மூணு விரக்கடை மேல, சுமாரா 5 சென்டிமீட்டர். ஆறு வாரம் கழிச்சுத் திறந்தா அறுந்த ரெண்டு முனையும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போயிருக்கும், மேல் முனைல வளர வழி தெரியாத இழை எல்லாம் சுருண்டு உருண்டையா ஒரு முடிச்சு ஆயிருக்கும். அந்த முடிச்சை வெட்டி நல்ல நரம்பு தெரியுற வரைக்கும் சீவி எடுத்தாத்தான் தைக்க முடியும், அப்ப நடுவுல 3, 4 சென்டிமீட்டர் இடைவெளி விழும். ஆக மேல் தையல் ரேகைக்கு 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைப்போம். 60 நாள்ல முதல் 30 நாளைக் கழிச்சா மிச்சம் 30 நாள், 30 மில்லிமீட்டர், அதாவது 3 சென்டிமீட்டர். தம்பியோட புது நரம்பு இப்ப கால்ல இருந்து எடுத்து வெச்ச அந்தத் துண்டைத் தாண்டியிருக்குமான்னே சந்தேகம். மணிக்கட்டு ரேகையையே இன்னும் தொடல, விரல்ல எப்படித் தெரியும்? கட்டை விரல் சதைக்கு ரேகைல இருந்து இன்னும் 4 சென்டிமீட்டர், அங்க போய்ச் சேர அஞ்சு மாசம், சேந்த பிறகு சதை லேசா துடிக்க இன்னும் சில வாரம். நடுவிரல் நுனிக்கு ரேகைல இருந்து 18 சென்டிமீட்டர், மொத்தம் 25, ஒன்பது பத்து மாசம். இது எல்லாம் நல்லா போனா ஆகுற கணக்கு, மாசம் ரெண்டு கூடலாம்.

நல்லா இருந்த கால்ல ஏன் வெட்டுனாங்கன்னும் சொல்லிர்றேன், இதுல நிறைய பேருக்கு மனக்கஷ்டம் இருக்கு, கை போனது பத்தாதுன்னு காலையும் கெடுத்துட்டாங்கன்னு. அந்த இடைவெளியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்கலாமேன்னு தோணும், முன்னாடி காலத்துல அப்படித்தான் மணிக்கட்டை மடக்கி வெச்சு இழுத்துத் தைப்பாங்க. ஆனா இறுக்கம் இருந்தா நரம்புக்குள்ள ரத்த ஓட்டம் குறையும், தையல் இடத்துல தழும்பு தடிக்கும், இழை அதைத் தாண்டாது. இழுவையே இருக்கக்கூடாது, இடைவெளி இருந்தா வேற நரம்புத் துண்டை வெச்சு நிரப்பணும்னு 1970-கள்ல வியன்னால மில்லெசின்னு ஒரு டாக்டர் அழுத்திச் சொல்லி செஞ்சும் காமிச்சார், அதுக்கப்புறம் உலகம் பூரா அதுதான் வழி. அந்தத் துண்டு பெரும்பாலும் கெண்டைக்கால் பின்னாடி தோலுக்குக் கீழ போற சூரல் நரம்புல இருந்து வரும். நடக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பாதத்து வெளி ஓரத்துக்கு உணர்ச்சி குடுக்குறது மட்டும்தான் அதோட வேலை. அதுனால அந்த ஓரம் மரக்கிறது எதிர்பாத்ததுதான், போகப் போக அந்த மரப்பு வட்டம் சுருங்கும், கொஞ்சம் மிச்சம் நிக்கலாம், செருப்பு கடிச்சா தெரியாதுங்கறதுனால தினம் ராத்திரி ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. கைல வெச்ச அந்தக் கால் நரம்பு அங்க போய் வேலை செய்யப் போறதில்ல, அதோட இழையும் செத்துத்தான் போகும், அதோட காலிக் குழாய்தான் நமக்கு வேணும், மதகுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல உடைஞ்ச இடத்துல பதிச்ச சிமெண்டுக் குழாய் மாதிரி. மீடியன் நரம்பு தடிமன், சூரல் சன்னம், அதுனால மூணு நாலு துண்டை பக்கத்துல பக்கத்துல அடுக்கி மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வெச்சு 9-0, 10-0 நைலான்ல தைப்பாங்க. அந்த நூல் தலைமுடியை விட சன்னம், வெறுங்கண்ணால பாத்தா ஊசி இருக்கறதே தெரியாது. நான் ஒரே ஒரு தடவை தியேட்டர்ல பக்கத்துல நின்னு டி.வி.ல பாத்திருக்கேன், சர்ஜன் மூச்சு விடுறது கூட அந்தத் திரைல தெரிஞ்சது.

இப்ப முக்கியமான விசயம். இதுல காலண்டர் ஒண்ணு இல்ல, ரெண்டு. நரம்போட காலண்டர் ஆபரேஷன் அன்னைக்கு ஆரம்பிக்குது, இவ்வளவு நேரம் சொன்னது அது. தசையோட காலண்டர் கண்ணாடி விழுந்த அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு. நரம்பு இல்லாத தசை நாளாக நாளாக சூம்பும், நரம்பு வந்து சேர்ற இடம் கெட்டுப் போகும், சுமார் ஒரு வருசம், மிஞ்சிப் போனா ஒன்றரை வருசம், அதுக்குள்ள நரம்பு வந்து தொடலன்னா பிறகு வந்தும் பிரயோசனம் இல்ல, கதவு அடைச்சிரும். உணர்ச்சிக்கு இந்த அளவு கெடு இல்ல, அது ரொம்ப லேட்டாவும் வரும். தம்பிக்குக் கட்டை விரல் சதைக்கு நரம்பு வர ஆபரேஷன்ல இருந்து ஆறு மாசம், விபத்துல இருந்து பாத்தா ஏழரை மாசம், ஒரு வருசக் கெடுவுக்குள்ள வந்துரும். அந்த ஆறு வாரம் வீணானது எனக்கும் வருத்தம்தான், ஆனா அது கணக்கைக் கவுக்கல. இதே ஆள் வலி இல்லையேன்னு எட்டு மாசம் வீட்டுல இருந்துட்டு வந்திருந்தா நான் வேற பதில் எழுதியிருப்பேன்.

நாலு வழிச் சாலைல பைக்ல இருந்து தூக்கி வீசப்பட்டு தோள்பட்டை இழுபட்டு வர்ற பசங்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரம்னு நினைச்சுப் பாருங்க. நரம்பு போனது கழுத்துக்குப் பக்கத்துல, கை நுனி 70 சென்டிமீட்டருக்கு மேல தள்ளி. அங்க இருந்து தவழ்ந்து வர ரெண்டு வருசத்துக்கு மேல ஆகும், தசை அது வரைக்கும் காத்திருக்காது. அதுனால அவங்களுக்கு அறுந்த இடத்தைத் தேடாம, வேலை செய்யுற பக்கத்து நரம்புல இருந்து ஒரு இழைக்கட்டை மட்டும் பிரிச்சு தசைக்குக் கிட்டவே கொண்டு போய் இணைப்பாங்க. முழங்கையை மடக்குறதுக்கு சுண்டு விரல் பக்கம் போற உல்னார் நரம்புல ஒரு சின்ன இழைக்கட்டை எடுத்து புஜத் தசைக்குக் குடுக்குற ஆபரேஷனை 1994-ல ஓபர்லின்னு பிரெஞ்சு டாக்டர் எழுதினார், நம்ம தமிழ்நாட்டுலயே இது நிறைய நடக்குது, கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரிக்கு இதுக்குன்னே வெளிநாட்டு டாக்டருங்க வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. அந்த மாதிரி அடிபட்டவங்க மூணு மாசத்துக்கு மேல அசைவு இல்லன்னா காத்திருக்கக் கூடாது, ஆறு மாசத்துக்குள்ள கத்திக்குப் போயிரணும். கைல எலும்பு முறிஞ்சு மணிக்கட்டு தொங்கிப் போறது வேற கதை, அதுல பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, நசுங்கித்தான் இருக்கும், மூணு மாசம் பாத்தா பல பேருக்கு தன்னால வந்துரும். இந்த நசுங்கல், உள் இழை மட்டும் அறுகல், முழு அறுகல்னு மூணாப் பிரிச்சது செடான்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர், 1943-ல, போர்க்காயம் பாத்துப் பாத்து.

நரம்பு எங்க வந்திருக்குன்னு வீட்டுலயே பாக்க ஒரு வழி இருக்கு. தம்பியை உக்கார வெச்சு உள்ளங்கைப் பக்கம் இருந்து ஆரம்பிச்சு மெதுவா மேல தழும்பை நோக்கி ஒரு விரலால தட்டிக்கிட்டே வாங்க. ஏதோ ஒரு இடத்துல தட்டும்போது கட்டை விரல்லயோ ஆள்காட்டி விரல்லயோ சுர்ருனு கரண்ட் அடிச்ச மாதிரி ஓடும். அதுதான் புது இழையோட நுனி. தழும்புல இருந்து அந்த இடத்துக்கு எவ்வளவுன்னு ஸ்கேல் வெச்சு அளந்து தேதியோட நோட்டுல எழுதுங்க. மாசம் ஒரு தடவை போதும், தினம் தட்டக் கூடாது, எரிச்சல்தான் கூடும். இதைக் கண்டுபிடிச்ச ரெண்டு பேர் டினெல் பிரான்ஸ்காரர், ஹாஃப்மன் ஜெர்மன்காரர், 1915-ல முதல் உலகப்போர்ல எதிரெதிர் பக்கத்துல இருந்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் தனித்தனியா இதையே எழுதினாங்க. அந்த சுர்ர் மாசா மாசம் கீழ இறங்கி வந்தா பாதை திறந்திருக்குன்னு அர்த்தம். மூணு நாலு மாசம் தழும்புலயே நின்னுக்கிட்டு இறங்கவே இல்லன்னா அப்ப சர்ஜன்கிட்ட நோட்டோட போங்க, அவர் திரும்பத் திறந்து பாக்கணுமான்னு யோசிப்பார். இப்பவே நரம்பு டெஸ்ட் எடுக்கணும்னு யாராச்சும் சொன்னா அவசரப்பட வேண்டாம், கட்டை விரல் சதைக்கு நரம்பு போய்ச் சேர்ற அஞ்சாறு மாசத்துல எடுத்தா அர்த்தம் இருக்கும்.

இன்னொண்ணு நான் எல்லார்கிட்டயும் காமிப்பேன். தம்பியோட ரெண்டு கையையும் சாதா தண்ணில அரை மணி நேரம் வெச்சு எடுங்க. நல்ல விரல் எல்லாம் சுருங்கிப் போயிருக்கும், நரம்பு இல்லாத விரல் நுனி மட்டும் வழவழன்னு அப்படியே இருக்கும், வேர்வையும் இருக்காது, பிளாஸ்டிக் பேனாவை மேல உருட்டினா வழுக்கிக்கிட்டுப் போகும். நரம்பு திரும்பும்போது அந்த வழவழப்பு போய் பிசுபிசுப்பு வரும். பேசத் தெரியாத சின்னக் குழந்தைங்களுக்கு டாக்டருங்களே இப்படித்தான் பாக்குறாங்க.

வீட்டுல சொல்ற வைத்தியத்துக்கு வர்றேன். எண்ணெய் போட்டு உருவுறது, தழும்பு முழுசா ஆறின பிறகு மெதுவா பண்ணா தழும்பு இளகும், அவ்வளவுதான், அழுத்தி நீவினா நரம்பு வளராது. சத்து ஊசி, பி12 மாத்திரை டாக்டர் குடுத்தா சாப்பிடட்டும், உடம்புல பி12 குறைவா இருந்தா உதவும், ஆனா மில்லிமீட்டரை ரெண்டு மில்லிமீட்டர் ஆக்குற மருந்து எதுவும் கடைல இல்ல. தினம் கரண்ட் வெச்சா நரம்பு சீக்கிரம் வரும்னு மாசக்கணக்குல காசு வாங்குறதும் எனக்கு உடன்பாடு இல்ல, நானே அந்த மெஷின் வெச்சிருக்கிறவன்தான் சொல்றேன். ஒத்தடம் மட்டும் கூடவே கூடாது. வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், மணல் ஒத்தடம் எதுவும் வேண்டாம். என்கிட்ட வந்த ஒரு டீ மாஸ்டர், மரத்த கையை பாய்லர் ஓரத்துல சாச்சுக்கிட்டு பேசிக்கிட்டு இருந்திருக்கார், தோல் கருகின வாடை வந்துதான் திரும்பிப் பாத்திருக்கார். நரம்பு வந்துக்கிட்டு இருந்த கை அது, அந்தப் புண்ணு ஆற ரெண்டு மாசம், விரல் விறைச்சுப் போய் பயிற்சி எல்லாம் நின்னு போச்சு. தம்பி சிகரெட் பிடிக்கிறவனா இருந்தா அதையும் நிறுத்தச் சொல்லுங்க, ரத்த ஓட்டத்துக்கும் ஆகாது, மரத்த ரெண்டு விரலுக்கு நடுவுல நெருப்பு நிக்கிறதும் தெரியாது.

காத்திருக்கிற மாசத்துல செய்ய வேண்டியது விரலை இளக்கமா வெச்சிருக்கறது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல இருக்குற அகலம் சுருங்கிரும், அது சுருங்கிப் போச்சுன்னா அப்புறம் நரம்பு வந்து சேந்தாலும் டம்ளரைச் சுத்திப் பிடிக்க முடியாது. அதுக்குன்னு ஒரு ஸ்பிளிண்ட், அதாவது அந்த அகலத்தை விரிச்சுப் பிடிச்சு வைக்கிற அச்சு, செஞ்சு குடுப்பாங்க, ராத்திரி போட்டுக்கிட்டுத் தூங்கணும், பகல்ல அடுத்த கையால அந்த அகலத்தை விரிச்சு விரிச்சு விடணும், ஒவ்வொரு மூட்டையும் முழுசா மடக்கி முழுசா நீட்டணும். தம்பிக்குச் சலிச்சுப் போகும், 24 வயசுப் பையன், வலது கை, வேலையும் இல்ல, கோவம் வரும். கூட ஒருத்தர் உக்காருங்க.

உணர்ச்சி வர ஆரம்பிச்ச பிறகுதான் பெரிய வேலையே இருக்கு. எல்லா இழையும் பழைய குழாய்க்கே போகாது, மடை மாறிப் போகும், கட்டை விரலுக்குப் போக வேண்டியது நடுவிரலுக்குப் போகும். மூளை பழைய கணக்குலயே இருக்கும், நடுவிரலைத் தொட்டா கட்டை விரலைத் தொட்ட மாதிரி சொல்லும். இதைத் திருத்த மூளைக்குத் திரும்ப அட்சரம் சொல்லிக் குடுக்கணும். கண்ணைத் திறந்து வெச்சு சாக்கைத் தொடு, இது சாக்குன்னு வாய் விட்டுச் சொல்லு, கண்ணை மூடித் தொடு, திரும்பத் திற. அப்புறம் வேட்டித் துணி, உப்புத்தாள், பஞ்சு. அப்புறம் ஒரு கிண்ணத்துல அரிசியைப் போட்டு உள்ள துவரம்பருப்பு, கொண்டக்கடலை, ஒரு ரூபா, அஞ்சு ரூபா புதைச்சு வெச்சு கண்ணை மூடி எடுக்கணும். ஒரு தடவைக்குப் பத்து நிமிசம், ஒரு நாளைக்கு நாலு தடவை. நரம்பு விரலுக்கு வர்றதுக்கு முன்னாடியே, அதாவது இப்பவே, கண்ணாடிப் பயிற்சி ஆரம்பிக்கலாம், ரெண்டு கைக்கும் நடுவுல முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணை நிறுத்தி நல்ல கையைத் தொடுறதை கண்ணாடிக்குள்ள பாத்தா மூளை அதை மரத்த கைன்னு எடுத்துக்கும், அந்த இடத்தை மூளைல காலியா விடாம வெச்சிருக்கும். கண்ணாடி வைக்கிற இந்த யோசனை கை கால் இழந்தவங்க வலிக்காக நம்ம தமிழ்நாட்டுல பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-கள்ல கொண்டு வந்தது, பிறகு நரம்பு தைச்சவங்களுக்கும் எடுத்துக்கிட்டாங்க.

மாட்டுத்தாவணி பக்கம் பூக் கட்டுற ஒரு அக்கா என்கிட்ட வந்தாங்க, இதே மீடியன் நரம்பு, உடைஞ்ச கண்ணாடி டம்ளர் மேல விழுந்தது, மறுநாளே தைச்சது. ஏழு மாசம் ஒண்ணுமில்ல, வாரா வாரம் வந்து "வருமாண்ணே"ன்னு கேப்பாங்க. எட்டாவது மாசம் ஒரு நாள் வந்து உக்காந்ததும் உக்காராததுமா "நார் ஈரமா இருக்குன்னு தெரியுதுண்ணே"ன்னு சொன்னாங்க. நனைச்ச வாழைநாரோட சில்லுப்பு, அதுதான் முதல்ல வந்தது. வலியும் சூடு குளிரும் முன்னாடி வரும், நகர்ற தொடுதல் அடுத்து, அசையாம வெச்ச தொடுதல் அதுக்கு அடுத்து, ரெண்டு மொட்டு இருக்கா மூணு மொட்டு இருக்கான்னு பிரிச்சுச் சொல்ற நுணுக்கம் கடைசி. ஒன்றரை வருசத்துல திரும்ப மல்லி கட்டுனாங்க. முழம் வேகமாத்தான் ஏறுது, ஆனா அவங்களே சொன்னாங்க, "முன்னாடி பராக்குப் பாத்துக்கிட்டே கட்டுவேன், இப்ப கண்ணு பூவுலயே இருக்கணும்"னு. பெரியவங்களுக்கு நல்லபடியா தைச்ச நரம்புல கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான் தங்கச்சி, நூத்துக்கு நூறுன்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். சின்னப் பிள்ளைங்களுக்கு கிட்டத்தட்ட முழுசா வருது, அம்பது தாண்டுனா குறையுது, தம்பிக்கு வயசு சாதகமா இருக்கு. மார்கழிக் குளிர்ல, ஏ.சி.ல, ஃப்ரிட்ஜ் தண்ணி பாட்டிலைப் பிடிச்சா அந்த விரல் வலிக்கும், ரொம்ப நாளைக்கு இருக்கும், பயப்பட வேண்டாம்.

கட்டை விரல் சதைக்கு மட்டும் ஒருவேளை நரம்பு சரியா வரலன்னா அதுக்கும் வழி இருக்கு. மோதிர விரலுக்கு மடக்குற தசைநாண் ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணை எடுத்து கட்டை விரலுக்குத் திருப்பிக் கட்டி எதிர் விரலைத் தொட வைக்கலாம். வேலூர் சி.எம்.சி.ல பால் பிராண்ட் 1940-கள் கடைசில தொழுநோயாளிங்க மடங்கிப் போன கைக்கு இந்த மாதிரி தசைநாண் மாத்தி மாத்தித்தான் உலகத்துக்கே பாடம் ஆனார். அது உணர்ச்சியைக் கொண்டு வராது, அசைவைக் கொண்டு வரும், கண்ணாடி வேலைக்காரனுக்கு பிடி முக்கியம் இல்லையா. ஒரு வருசம் ஆகுறப்ப பேசலாம், இப்ப வேண்டாம்.

வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையாதீங்க. ஆபரேஷன் பண்ணவர்கிட்டயே போங்க, எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி இருந்துச்சு, எத்தனை துண்டு வெச்சீங்கன்னு மட்டும் கேட்டு ஆபரேஷன் நோட்ஸ் காப்பி ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க, நான் ஊகமா போட்ட 7 சென்டிமீட்டரை அதை வெச்சுத் திருத்திக்கலாம். வேலைக்கு எப்ப போகலாம்னா, கண்ணாடி வெட்டுற வேலைக்கு விரல் நுனில கூர்மை தெரியுற வரைக்கும் போகக் கூடாது, குறைஞ்சது ஒரு வருசம், அதுவரைக்கும் கடைல அளவு எடுக்குறது, பில் போடுறது மாதிரி ஏதாச்சும் குடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட கேளுங்க. பைக் இப்ப வேண்டாம், அது வலது கை, பிரேக்கை எவ்வளவு அழுத்துறோம்னு அந்த விரலுக்கு இன்னும் தெரியாது. இன்னைக்கு சாயந்திரம் ஒரு நோட்டு எடுத்து முதல் பக்கத்துல விபத்து தேதி, ரெண்டாவது வரில ஆபரேஷன் தேதி எழுதி, அந்த சுர்ர் எங்க இருக்குன்னு தட்டிப் பாத்து முதல் அளவைக் குறிச்சு வைங்க. அடுத்த மாசம் இதே தேதில திரும்பத் தட்டிப் பாத்து எவ்வளவு இறங்கிருக்குன்னு இங்கயே எழுதுங்க, நான் பாக்குறேன்.